ப்ரோவெஞ்ச் விவகாரம்: புரோஸ்டேட் புற்றுநோயாளர்களின் குரல் எங்கே பலித்தது?

2007 மார்ச் 29 அன்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு ஒன்று, முற்றிய புரோஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய்க்கான ப்ரோவெஞ்ச் என்ற புதிய சிகிச்சையைப் பற்றி இரண்டு கேள்விகளுக்கு வாக்களித்தது. சிகிச்சை பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு உறுப்பினர்கள் 17 பேரும் ஆம் என்றனர். அது பயன் தருகிறது என்பதற்குக் கணிசமான சான்று இருக்கிறதா என்ற கேள்விக்கு 13 பேர் ஆம் என்றும், 4 பேர் இல்லை என்றும் வாக்களித்தனர். ஆலோசனைக் குழுவின் முடிவு நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பெரும்பாலும் அதையொட்டியே இறுதி முடிவு அமையும் என்பது வழக்கம். அந்த வழக்கத்தை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான நோயாளிகளும் குடும்பத்தினரும், மே மாதம் இரண்டாம் வாரத்தில், ஒப்புதல் தள்ளிவைக்கப்பட்டு மேலும் சான்று கேட்கப்பட்டிருக்கிறது என்ற செய்தியைக் கேட்டனர். அதன்பின் மூன்று ஆண்டுகள் நடந்தவை, நோயாளர் இயக்கம் எதைச் சாதிக்க முடியும், எதைச் சாதிக்க முடியாது என்பதை ஆராய ஒரு நல்ல நிகழ்வாக அமைகின்றன.

இந்த விவகாரத்தை மருந்து நிறுவனத்துக்கும் அரசு நிர்வாகத்துக்கும் இடையிலான பூசலாக மட்டும் எழுதுவோர் உண்டு. அப்படி எழுதினால் மூன்றாவது தரப்பு விடுபட்டுப்போகும். தெருவில் பதாகை ஏந்தி நின்ற ஆண்கள் எங்கிருந்து வந்தார்கள், தங்கள் நோயைப் பற்றிப் பொதுவெளியில் பேச எப்போது கற்றுக்கொண்டார்கள் என்பதை அறியாமல் 2007ஐப் புரிந்துகொள்ள முடியாது.

அறைகளில் தொடங்கியது

1990க்கு முன்னர் புரோஸ்டேட் புற்றுநோய் வந்த அமெரிக்க ஆண் அதை மனைவியிடமும் மருத்துவரிடமும் தவிர வேறு யாரிடமும் சொல்வது அரிது. நோயின் இடமும் சிகிச்சையின் விளைவுகளும் அப்படிப்பட்டவை. சுரப்பியை அகற்றினால் பல மாதங்களுக்குச் சிறுநீர் கசியலாம். விறைப்புத்தன்மை குறையலாம், முற்றிலும் போகவும் போகலாம். நோய் பரவிவிட்டால் ஆண் ஹார்மோனை ஒடுக்கும் சிகிச்சை தரப்படும். அதனால் பாலுணர்வு மங்கும், திடீர் திடீரென்று உடல் கொதித்து வேர்க்கும், எலும்பு தேயும், தசை கரையும். இவற்றை மருத்துவர் ஓரிரு வாக்கியங்களில் சொல்லி முடித்துவிடுவார். வீட்டுக்குத் திரும்பிய மனிதருக்கு அதன் பிறகுதான் கேள்விகள் எழும்.

அந்தக் காலத்தில் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் இதில் வெகுதூரம் முன்னே சென்றிருந்தார்கள். சிகாகோவிலேயே அவர்களுக்கு 1978 முதல் ஓர் அமைப்பு இருந்தது. 1990இல் அதே நகரில் புரோஸ்டேட் புற்றுநோய் கண்ட ஐந்து ஆண்கள், சிகாகோ பல்கலைக்கழகத்தின் சிறுநீரகவியல் அறுவை மருத்துவர் ஜெரால்டு சோடாக்கின் துணையோடு ‘அஸ் டூ’ என்ற ஆதரவுக் குழுவைத் தொடங்கினர். அதே ஆண்டில் ஃபுளோரிடாவின் சரசோட்டாவில் ஜேம்ஸ் முல்லன் என்ற நோயாளி ‘மேன் டு மேன்’ என்ற குழுவைத் தொடங்கினார்; பின்னர் அதை அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் தன் திட்டமாக ஏற்று நாடெங்கும் பரப்பியது. இரண்டும் ஒரே ஆண்டில் முளைத்தது வெறும் தற்செயல் அல்ல. புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பிஎஸ்ஏ என்ற இரத்தப் பரிசோதனை 1986இல் நோயைக் கண்காணிக்க ஒப்புதல் பெற்று, பின்னர் நோயைத் தேடிக் கண்டுபிடிக்கவும் பரவலாகப் பயன்பட்டதால், நோய் உறுதியானோரின் எண்ணிக்கை 1990களின் தொடக்கத்தில் மளமளவென்று ஏறியது. வலியோ வேறு அறிகுறியோ இல்லாமல், ஓர் எண்ணை வைத்தே தாங்கள் நோயாளிகள் என்று அறிந்த பெருந்தொகையான நடுவயது ஆண்கள் அப்போதுதான் உருவானார்கள். நடமாடவும் பேசவும் கூட்டம் கூட்டவும் அவர்களுக்குத் தெம்பு இருந்தது.

இந்தக் கூட்டங்களின் தன்மை பெண்களின் குழுக்களிலிருந்து வேறுபட்டது. ஆண்கள் பெரும்பாலும் மன வேதனையைப் பேச வருவதில்லை, தகவல் கேட்கவே வருகிறார்கள் என்று இக்குழுக்களைக் கவனித்தவர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். உன் பிஎஸ்ஏ எவ்வளவு, புற்றின் வீரியத்தைக் காட்டும் கிளீசன் எண் என்ன, கதிர்வீச்சா கத்தியா என்றுதான் பேச்சு தொடங்கும். ஆனால் ஒருவர் தன் எண்ணைச் சொல்லி முடித்ததும், சிறுநீர்க் கசிவுக்கு உறிஞ்சு பட்டியை எத்தனை மாதம் கட்ட வேண்டியிருந்தது என்று அடுத்தவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு வெட்கமின்றி விடை கிடைக்கும் இடம் அது ஒன்றே. கூட்டத்துக்குக் கணவரை இழுத்து வருவது பல நேரங்களில் மனைவிதான் என்பதும், அவரும் உடன் அமர்ந்து குறிப்பெடுப்பார் என்பதும் இக்குழுக்களின் மற்றொரு இயல்பு.

இதனால் பயன் உண்டா என்று அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2003இல் ஸ்டீஃபன் லெப்போரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், புரோஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற 250 ஆண்கள் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தது. இன்னொரு பிரிவு வாரம் ஒன்றாக ஆறு விளக்கவுரைகளைக் கேட்டது. மூன்றாம் பிரிவு அந்த உரைகளோடு தங்களுக்குள் உரையாடவும் செய்தது. உரை கேட்ட இரு பிரிவினருக்கும் உடல் இயக்கத்திலும் நலப் பழக்கங்களிலும் முன்னேற்றம் தெரிந்தது. உரையாடலும் சேர்ந்த பிரிவில் பாலியல் பிரச்சினைகள் தந்த உறுத்தல் குறைவாக இருந்தது. அதிகம் பயன்பெற்றவர்கள் குறைவாகப் படித்தவர்கள். என் பார்வையில் இதுவே அந்த ஆய்வின் முக்கியமான முடிவு. ஏனெனில் ஆதரவுக் குழுக்களின் தலைமையில் எப்போதும் நன்றாகப் படித்த, ஓய்வு நேரமுள்ள, மருத்துவரைத் தைரியமாகக் கேள்வி கேட்கத் தெரிந்த ஆண்களே இருந்திருக்கிறார்கள்.

அவர்கள் விரைவிலேயே அறையை விட்டு வெளியே வந்தார்கள். நிதியாளர் மைக்கேல் மில்கன் தமக்கு நோய் உறுதியான 1993இலேயே ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் அறக்கட்டளையைத் தொடங்கினார். அதுவே இன்றைய புரோஸ்டேட் கேன்சர் ஃபவுண்டேஷன். 1996இல் தேசியப் புரோஸ்டேட் புற்றுநோய்க் கூட்டமைப்பு உருவானது. அடுத்த ஆண்டிலேயே நாடாளுமன்றம், பாதுகாப்புத் துறையின் வரவுசெலவில் புரோஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு 4.5 கோடி டாலர் ஒதுக்கியது. இராணுவத்தின் பணம் ஏன் என்று கேட்கத் தோன்றும். 1990இல் வந்த நிதி விதி, பாதுகாப்புச் செலவை உள்நாட்டுச் செலவுக்கு மாற்றுவதைத் தடுத்திருந்தது. ஆகவே மார்பகப் புற்றுநோய் இயக்கத்தினர் 1992இல் பணத்தை இராணுவக் கணக்கிலேயே விட்டு, அதற்குள்ளேயே ஆராய்ச்சித் திட்டத்தை அமைக்கவைத்திருந்தார்கள். ஆண்கள் அவர்கள் போட்ட பாதையில் நடந்தார்கள்.

மருந்தும் அதன் சான்றும்

ப்ரோவெஞ்ச் என்ற வணிகப் பெயர் கொண்ட சிபுலூசெல்-டியை உருவாக்கியது சியாட்டிலின் டென்ட்ரியான் நிறுவனம். நோயாளியின் இரத்தத்திலிருந்து ஒரு வகை வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து நிறுவனத்தின் கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே, புரோஸ்டேட் செல்களில் காணப்படும் ஒரு புரதத்தையும் நோயெதிர்ப்பைத் தூண்டும் இன்னொரு புரதத்தையும் இணைத்துச் செய்த பொருளோடு அவற்றைச் சேர்த்து வளர்ப்பார்கள். பின்னர் அதே மனிதரின் உடலில் அவற்றைத் திரும்ப ஏற்றுவார்கள். ஏறத்தாழ இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை ஏற்றினால் சிகிச்சை முடிந்தது. காய்ச்சலும் குளிர்நடுக்கமும் ஓரிரு நாள் இருக்கும். கீமோதெரபியின் வதையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை என்று நோயாளிகள் நினைத்ததில் வியப்பில்லை.

2007இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 27,000 பேர் இந்நோயால் இறப்பார்கள் என்று கணக்கிடப்பட்டிருந்தது. ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காத நோயில் ஆயுளைக் கூட்டுவதாக நிறுவப்பட்டிருந்த மருந்து அப்போது டோசிடாக்செல் ஒன்றே. 2004இல் ஒப்புதல் பெற்ற அந்தக் கீமோதெரபி, உயிர்வாழ்வுக் காலத்தின் நடுமதிப்பை (பாதிப் பேர் கடந்து வாழ்ந்த கால அளவை) 16.5 மாதத்திலிருந்து 18.9 மாதமாக உயர்த்தியிருந்தது. அதற்கு அப்பால் எதுவும் இல்லை. 2007இல் எழுந்த கோபத்தை எடைபோடுகிறவர்கள் இந்த வெறுமையை மறக்கக் கூடாது.

சான்றின் பக்கம் வருவோம். நிறுவனம் முன்வைத்தவை இரண்டு சிறிய ஆய்வுகள். முதலாவதில் 127 பேர் இருந்தனர். நோய் மேலும் பரவுவதைச் சிகிச்சை தாமதப்படுத்துகிறதா என்று பார்ப்பதே அதன் முதன்மை நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறவில்லை, மயிரிழையில் தவறியது. ஆனால் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, சிகிச்சை பெற்றவர்களின் உயிர்வாழ்வு நடுமதிப்பு 25.9 மாதமாகவும் மற்றவர்களுடையது 21.4 மாதமாகவும் இருந்தது. 98 பேர் மட்டுமே சேர்ந்த இரண்டாவது ஆய்வில் அந்த எண்கள் 19.0, 15.7 என இருந்தன. இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதைப் புள்ளியியல் விலக்கவில்லை. புற்றுக்கட்டி சுருங்குவதில்லை, பிஎஸ்ஏ அளவும் பெரும்பாலும் இறங்குவதில்லை, நோய் பரவும் வேகமும் மாறவில்லை. ஆனால் ஆயுள் மட்டும் நீள்கிறது என்றால் எப்படி நம்புவது? ஓர் ஆய்வு தனக்கு முன்கூட்டியே வகுத்துக்கொண்ட கேள்வியில் தோற்று, கேட்கப்படாத கேள்வியில் வெல்வதைப் புள்ளியியலாளர்கள் ஐயத்தோடுதான் பார்ப்பார்கள். அப்படி வந்த வெற்றிகளில் பல, அடுத்த பெரிய ஆய்வில் காணாமற்போயிருக்கின்றன.

ஆலோசனைக் குழுவில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி பின்னர் பெரும் சர்ச்சைக்கு வித்திட்டது. பயன் நிறுவப்பட்டுவிட்டதா என்ற பொருளில் முதலில் முன்வைக்கப்பட்ட கேள்வி, கூட்டத்தின் நடுவே, கணிசமான சான்று உள்ளதா என்று மாற்றி அமைக்கப்பட்டது. முதல் வடிவத்துக்கு 13 பேரும் ஆம் என்றிருப்பார்களா என்பது கேட்கத் தகுந்த கேள்வி. எதிர்த்து வாக்களித்தவர்களில் புரோஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சையில் பெயர்பெற்ற இருவர் இருந்தனர்: நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தின் ஹோவர்டு ஷெர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மஹா ஹுசைன். கூட்டத்துக்குப் பின் இருவரும் தங்கள் ஐயங்களை நிர்வாகத்துக்குக் கடிதமாக எழுதினர். அக்கடிதங்கள் கசிந்து, புற்றுநோய்த் துறைச் செய்தி ஏடு ஒன்றில் வெளிவந்தன.

2007 கோடை

நிர்வாகத்தின் முடிவு வெளியானதும் கோபம் இந்த இருவர் மீதே திரும்பியது. அவர்களுக்குப் போட்டி மருந்துகளோடு தொடர்பு உண்டு என்ற குற்றச்சாட்டு பரவியது. மிரட்டல்கள் வந்தன, ஜூன் மாதம் சிகாகோவில் நடந்த புற்றுநோய் மருத்துவர்களின் ஆண்டு மாநாட்டுக்கு அவர்கள் மெய்க்காவலர் துணையோடு வரவேண்டியதாயிற்று. வாஷிங்டனில் நோயாளிகளும் குடும்பத்தினரும் பேரணி நடத்தினர். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு மனுக்கள் குவிந்தன. ‘கேர் டு லிவ்’ என்ற பெயரில் அமைந்த குழு, ஜூலையில் ஒஹாயோவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடுத்தது. வழக்கு பின்னர் தள்ளுபடியானது.

இந்தக் கூட்டத்தில் நோயாளிகளோடு டென்ட்ரியானின் பங்குதாரர்களும் கலந்திருந்தார்கள் என்று அப்போதே செய்தி ஏடுகள் எழுதின. மார்ச் மாத வாக்கெடுப்புக்குப் பின் நிறுவனத்தின் பங்கு விலை பல மடங்கு ஏறி, மே மாதத்தில் ஒரே நாளில் பாதிக்கும் மேல் சரிந்திருந்தது. பணத்தை இழந்தவனும் காலத்தை இழந்துகொண்டிருப்பவனும் ஒரே பதாகையின் கீழ் நின்று ஒரே முழக்கத்தை எழுப்பினால், கேட்பவருக்கு இருவரையும் பிரித்தறிய முடியாது. நோயாளர் தரப்புக்கு அந்தக் கோடையில் நேர்ந்த மிகப் பெரிய இழப்பு இதுவென்றே கருதுகிறேன். உண்மையான நோயாளியின் வாதம் வலுவானது: நான் இறந்துகொண்டிருக்கிறேன், ஆபத்து குறைவு என்பதில் உங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இல்லை, பயன் உண்டா இல்லையா என்ற ஐயத்தை ஏற்கும் உரிமையை எனக்கு விடுங்கள் என்பது அந்த வாதம். எய்ட்ஸ் நோயாளிகள் 1980களின் இறுதியில் இதே வாதத்தை முன்வைத்து மருந்து ஒப்புதல் விதிகளையே மாற்றவைத்தார்கள். ஆனால் அவர்கள் ஆய்வு முறைகளைப் பாடமாகப் படித்து, ஆய்வாளர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து, எந்த ஆய்வை எப்படி மாற்றலாம் என்று எழுதிக்கொடுத்தவர்கள். 2007இன் கோடையில் அந்த உழைப்பு குறைவாகவும், ஐயப்பட்டவர்களைப் பகைவராக்கும் வேகம் அதிகமாகவும் தெரிந்தன.

இங்கே ஆதரவுக் குழுக்களின் ஒரு பழைய பலவீனத்தையும் சொல்ல வேண்டும். பிஎஸ்ஏ பரிசோதனையைப் பற்றிய விவாதத்தில் அது தெளிவாகத் தெரியும். பரிசோதனையில் நோய் தெரிந்து, அறுவை செய்து, பத்து ஆண்டு கழித்து நலமாக இருக்கும் ஒவ்வொருவரும் அந்தப் பரிசோதனைதான் தன் உயிரைக் காத்தது என்று நம்புவார். சிலர் விஷயத்தில் அது உண்மை. பலரது புற்று, தொடாமல் விட்டிருந்தாலும் ஆயுள் முழுதும் தீங்கு செய்யாததாக இருந்திருக்கலாம். ஆனால் தான் அப்படிப்பட்டவர் என்று எவராலும் தன்னைப் பற்றி அறிய முடியாது. 2012இல் அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு எல்லா வயதினருக்கும் இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று பரிந்துரைத்தபோது நோயாளர் அமைப்புகள் பல கொதித்தெழுந்தன. 2018இல் அக்குழு 55 முதல் 69 வயது வரையிலானோர் மருத்துவரோடு பேசித் தாமே முடிவெடுக்கலாம் என்று தன் நிலையைத் தளர்த்தியது. அஸ் டூ அமைப்பின் பிறப்புக்குத் துணைநின்ற அதே சோடாக், 1994இல் 828 நோயாளிகளின் தரவுகளைத் திரட்டி, வீரியம் குறைந்த கட்டிகளை உடனே வெட்டாமல் கவனித்துவந்தவர்களில் 87 விழுக்காட்டினர் பத்து ஆண்டுகளில் அந்நோயால் இறக்கவில்லை என்று காட்டியவர் என்பது சுவையான முரண். ஒருவர் தன் வாழ்வைச் சாட்சியாக வைக்கும்போது அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சாட்சியத்தைக் கொண்டு மற்ற ஆயிரம் பேருக்கு என்ன நேரும் என்று கணக்கிடவும் முடியாது. ப்ரோவெஞ்சைப் பெற்றுப் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் பேரணிகளில் பேசியபோதும் இதே சிக்கல்தான் எழுந்தது.

ஆயினும் நிர்வாகத்தின் மீது குற்றமே இல்லை என்று சொல்ல இயலாது. கேள்வியைக் கூட்டத்தின் நடுவில் மாற்றி அமைத்து, அதற்கு 13 பேரின் ஆம் கிடைத்த பிறகு ஒப்புதலைத் தள்ளிப்போட்டால், வெளியே நிற்பவர் சதி என்று நினைப்பது இயற்கை. முடிவுக்கான காரணத்தை நோயாளிகளுக்கு நேரடியாக விளக்க எந்த ஏற்பாடும் செய்யப்படவில்லை. நிர்வாகம் அனுப்பிய முடிவுக் கடிதத்தைப் பற்றி மருந்து நிறுவனம் எவ்வளவு சொல்லுகிறதோ அவ்வளவுதான் பொதுமக்களுக்குத் தெரியும் என்ற நடைமுறை, ஐயத்தை வளர்க்கவே உதவியது.

ஆய்வு முடிந்த விதம்

இந்தச் சத்தத்துக்கெல்லாம் அப்பால் மூன்றாவது ஆய்வு ஒன்று நடந்துகொண்டிருந்தது. ‘இம்பாக்ட்’ என்று பெயரிடப்பட்ட அதில் 2003 முதல் ஆட்கள் சேர்க்கப்பட்டு வந்தனர். 2007 நவம்பரில்தான் சேர்க்கை முடிந்தது. அதாவது மே மாதத்தில் ஒப்புதல் தள்ளிவைக்கப்பட்டபோது அந்த ஆய்வு இன்னும் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தது. மருந்து கடையில் கிடைக்கும் நிலை வந்திருந்தால், மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில், மருந்தோடு சேர்த்து வளர்க்காத வெற்று அணுக்களைப் பெறக்கூடிய ஆய்வில் யார் சேர்ந்திருப்பார்கள்? 2007இல் ஒப்புதல் கிடைத்திருந்தால், சிகிச்சை பயன் தருகிறதா என்ற கேள்விக்கு என்றுமே விடை கிடைக்காமல் போயிருக்கக் கூடும்.

மொத்தம் 512 பேர் சேர்ந்தனர். 341 பேருக்குச் சிகிச்சை, 171 பேருக்கு ஒப்பீட்டுக்காக வெற்று அணுக்களின் ஏற்றம். 2008 அக்டோபரில் இடைக்கால முடிவு நம்பிக்கை தந்தாலும் போதுமானதாக இல்லை. 2009 ஏப்ரலில் இறுதி முடிவு வந்தது. சிகிச்சை பெற்றோரின் உயிர்வாழ்வு நடுமதிப்பு 25.8 மாதம், மற்றவர்களுடையது 21.7 மாதம், இறப்பு அபாயம் 22 விழுக்காடு குறைந்திருந்தது. இம்முறையும் நோய் பரவும் வேகத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் இந்த ஆய்வின் முதன்மைக் கேள்வியே ஆயுள் என்பதால் அந்த விடையை ஒதுக்கிவிட முடியவில்லை. 2010 ஏப்ரல் 29 அன்று நிர்வாகம் ஒப்புதல் வழங்கியது. இந்த வகைச் சிகிச்சைகளில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதலாவது இதுவே.

அப்படியானால் பேரணிக்காரர்கள் சொன்னதே சரி, மூன்று ஆண்டுகள் வீணாகிவிட்டன என்று சொல்லலாமா? அவர்கள் எதிர்பார்த்த விடை வந்தது உண்மை. ஆனால் 2007இல் அந்த விடை எவர் கையிலும் இருக்கவில்லை. அதைத் தந்தவர்கள், தாங்கள் எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்று அறியாமல் ஊசிக்குக் கை நீட்டிய அந்த 512 பேர். அவர்களும் நோயாளிகளே. நோயாளர் இயக்கத்தின் வரலாற்றை எழுதும்போது பதாகை ஏந்தியவர்களுக்குக் கிடைக்கும் இடம் இவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஒப்பீட்டுப் பிரிவில் இருந்தவர்களுக்கு நோய் முற்றிய பிறகு, உறைய வைத்திருந்த அவர்களது அணுக்களைக் கொண்டு இதே போன்ற சிகிச்சை தரும் ஏற்பாடு இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐயங்கள் அத்தோடு முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. ஒப்பீட்டுப் பிரிவில் இருந்த 65 வயதுக்கு மேற்பட்டோர் எதிர்பார்த்ததைவிட விரைவில் இறந்தது ஏன், அவர்களிடமிருந்து அணுக்களை எடுத்து முழுவதையும் திரும்ப ஏற்றாததே தீங்காக முடிந்ததா என்று 2012இல் ஓர் ஆய்வுக் குழு கேட்டது. அந்த விளக்கத்தைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

ஒப்புதலுக்குப் பிறகு

வென்ற மருந்து நோயாளியின் கைக்கு எட்டியதா என்பது தனிக் கதை. ஒரு முறைக்கு 31,000 டாலர் என மூன்று முறைக்கு 93,000 டாலர் என்று விலை வைக்கப்பட்டது. முதல் 12 மாதங்களில் ஏறத்தாழ 2,000 பேருக்கே செய்து தர முடியும் என்று நிறுவனம் அறிவித்ததால், மருத்துவமனைகள் காத்திருப்போர் பட்டியல் வைத்தன. யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்த இடங்களும் உண்டு. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் இதற்குப் பணம் தருமா என்று 2010 ஜூனில் ஆராயத் தொடங்கியதும் நோயாளர் அமைப்புகள் மீண்டும் களமிறங்கின. இம்முறை அணுகுமுறை வேறு. பொதுக் கருத்து கேட்கப்பட்ட காலத்தில் எழுத்து மூலம் வாதங்களை அனுப்பினர். நிபுணர் கூட்டத்தில் சாட்சியம் அளித்தனர். 2011 ஜூன் 30 அன்று, ஒப்புதல் பெற்ற பயன்பாட்டுக்குப் பணம் தரப்படும் என்று இறுதி முடிவு வந்தது. சான்று கையில் இருந்ததால் நோயாளர் குரலுக்கு இப்போது பிடிமானம் இருந்தது.

டென்ட்ரியான் தழைக்கவில்லை. முற்றிய புரோஸ்டேட் புற்றுநோய்க்கே 2011 ஏப்ரலில் அபிராட்டரோனும் 2012 ஆகஸ்டில் என்சலூட்டமைடும் ஒப்புதல் பெற்றன. இரண்டும் வாயால் விழுங்கும் மருந்துகள். பிஎஸ்ஏ அளவை இறக்கிக் காட்டுபவை. எண்ணைப் பார்த்தே தங்கள் நாளை அளந்து பழகிய ஆண்களுக்கு, எண்ணில் எந்த மாற்றமும் காட்டாத சிகிச்சையைவிட இவை நம்பிக்கை தந்தன. நிறுவனம் 2014 நவம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது. மருந்து கைமாறி இன்றும் கிடைக்கிறது.

இந்த விவகாரத்தை ஆராய்பவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதன் சாரம் அடுத்து வருவதில் இருக்கிறது. இராணுவ வரவுசெலவில் நோயாளர்கள் 1997இல் பெற்றுத்தந்த அந்த நிதித் திட்டமும் மில்கனின் அறக்கட்டளையும் சேர்ந்து, 2005 அளவில் புரோஸ்டேட் புற்றுநோய்க்கான பல்கலைக்கழக ஆய்வுக் கூட்டமைப்பு ஒன்றுக்குப் பணம் கொடுத்தன. புதிய மருந்துகளை விரைவாக மனிதரிடம் சோதிப்பதற்காக அமைக்கப்பட்ட அந்தக் கூட்டமைப்பின் தலைமை மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கில், ஹோவர்டு ஷெரிடம் இருந்தது. என்சலூட்டமைடின் முதற்கட்ட மனித ஆய்வு, 140 பேருடன், அந்தக் கூட்டமைப்பின் வழியாகவே நடந்தது. பின்னர் 1,199 பேர் சேர்ந்த பெரிய ஆய்வு, கீமோதெரபிக்குப் பிந்தைய நிலையில் உயிர்வாழ்வு நடுமதிப்பு 13.6 மாதத்திலிருந்து 18.4 மாதமாக உயர்ந்ததைக் காட்டியது. 2012இல் வெளிவந்த அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் பெயர் ஷெருடையது. 2007இல் மெய்க்காவலரோடு மாநாட்டுக்கு வந்த அதே மருத்துவர், நோயாளர் இயக்கம் பத்தாண்டுக்கு முன் திறந்துவைத்த நிதியின் துணையோடு, நோயாளர்களுக்கு இன்னும் பரவலாகப் பயன்பட்ட மருந்தைக் கொண்டுவந்தவர்களுள் ஒருவரானார்.

அந்த நிதித் திட்டம் இயங்கும் முறையில் ஆதரவுக் குழுக்களுக்கு நேரடியான இடம் உண்டு. விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுக்களில் அறிவியலாளர்களோடு புரோஸ்டேட் புற்றுநோய் வந்த ஆண்களும் அமர்கிறார்கள்; அவர்களது மதிப்பெண்ணுக்கும் அறிவியலாளரின் மதிப்பெண்ணுக்கும் ஒரே எடை. இந்த இடத்துக்கு ஒருவர் தாமாக விண்ணப்பித்துவிட முடியாது. நோயாளர் ஆதரவு அமைப்பு ஒன்று அவரை முன்மொழிய வேண்டும். தன் நோயைப் பற்றி மட்டுமின்றி மற்றவர்களின் நோயைப் பற்றியும் பேசக்கூடியவரா என்பதற்கு அந்த முன்மொழிவே உறுதி. மாதந்தோறும் கூடும் அறையில் பிறர் சொல்வதைக் கேட்டுப் பழகியவருக்கு அது இயல்பாக வரும். பேரணியின் நாளில் நாடே பார்த்த முகங்களைவிட, ஒரு வார காலம் தடித்த விண்ணப்பக் கட்டுகளைப் படித்து, இந்த ஆய்வில் சேரும் மனிதரிடம் எத்தனை முறை திசு எடுப்பீர்கள், அதை அவர் தாங்குவாரா என்று கேட்டு மதிப்பெண் குறைத்த ஆண்கள் செய்த வேலை நீடித்திருக்கிறது. 1990இல் சிகாகோவில் தொடங்கிய அஸ் டூ அமைப்பு 2021இல், 1996இன் கூட்டமைப்பிலிருந்து வளர்ந்து ‘ஸீரோ’ என்று பெயர் மாற்றிக்கொண்ட அமைப்போடு இணைந்தது. அறைக் கூட்டங்களும் நாடாளுமன்றப் பணியும் இப்போது ஒரே அமைப்பின் கீழ் நடக்கின்றன, மதிப்பீட்டுக் குழுக்களுக்கான முன்மொழிவுகளும் இத்தகைய அமைப்புகளிலிருந்தே போகின்றன.